கோட்டுக்கு வெளியே

கம்பளியை இழுத்து முழங்கால்வரை மூடிக்கொண்டால் குளிர் தெரியாது, ஆனால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைக் கோச் மேடம் திரும்பிப் பார்த்தால் இவள் இன்றைக்கு ஆடுகிற நினைப்பில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார், மூடாமல் இருந்தாலோ தொடை விறைத்துப் போகும், விறைத்த தொடையோடு ஓடினால் தசை பிடித்துக்கொள்ளும், அதனால் ஜெனோவா ஒரு காலுக்கு மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னொரு காலை ஆட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பெஞ்ச் என்று பெயர்தானே தவிர இது சொகுசுப் பஸ்ஸில் இருக்கிற மாதிரி மெத்தை வைத்த நாற்காலி. மேலே வளைந்த கண்ணாடிக் கூரை. அதில் தூறல் விழுந்து கோணல் கோணலாக வழிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கக் காலரிக்கு மேலே பனி மூடிய மலை, யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல. பிஷ்கெக். இந்தப் பெயரை அப்பாவுக்குப் போனில் சொல்லிக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பிஸ்கட்டா?" "பிஸ்கட் இல்லப்பா, பிஷ்கெக்." "அதான் நானும் சொல்றேன், பிஸ்கட்டு." இப்போது அவர் தான் தோல் பதனிடுகிற ஷாப் வாசல் டீக்கடையில் யாருடைய போனையாவது சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, மகள் எப்போது இறங்குவாள் எப்போது இறங்குவாள் என்று பக்கத்தில் இருப்பவனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருப்பார். இறங்கினால்தானே. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஆளுக்கொரு கோல். தோற்காமல் தப்பித்தால் வியாழக்கிழமை கடைசி ஆட்டத்தில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போகலாம், தோற்றுவிட்டால் வியாழக்கிழமை வெறும் சம்பிரதாயம், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் ஆடுகிற இடம் இடப்பக்கப் பின்வரிசை, லெஃப்ட் பேக். அந்த இடத்தில் இன்றைக்கு அனிமா ஆடிக்கொண்டிருந்தாள், அனிமா டோப்போ, ஜார்கண்ட் பெண், இருபது வயது. ஜெனோவாவுக்கு முப்பத்தொன்று. முப்பத்தொன்று ஒரு வயதா என்று புருஷன் பிரிட்டோ கேட்பான். லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு வயதாவதில்லை, ஓடுகிறவளுக்கு ஆகிறது. அதுவல்ல பயம். வயது பயமில்லை, குளிர் பயமில்லை, ரெண்டு வருஷம் கழித்து இந்தியச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கப் போவதுகூடப் பயமில்லை. ஷார்ட்ஸ்தான். உள்ளூர் அணிக்கு நீலம், அதனால் நமக்கு வெள்ளை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை. பெட்டியைத் திறந்து அதைப் பார்த்ததிலிருந்து அவள் மனம் அங்கேயே போய் நின்றது, எங்கே தள்ளிவிட்டாலும் திரும்பி வந்து அங்கேயே நின்றது. ஓடும்போது நடந்தால்? எகிறித் தலையால் முட்டிக் கீழே வந்து விழுகிற அந்த நொடியில் நடந்தால்? டீக்கடைச் சுவரில் சாய்ந்திருக்கிற போனில் தெரியுமா? தெரியும். இப்போதெல்லாம் புல்லின் நுனிகூடத் தெரிகிறது.

நினைக்காதே, பந்தைப் பார். பந்து வலப்பக்கம் போயிருந்தது. அங்கே நம் பெண்கள் நாலைந்து பேர் அதைக் குட்டிக் குட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா கத்திக்கொண்டிருப்பார், "தொட்டுத் தொட்டு என்ன வெளையாட்டு, அடிச்சுத் தள்ளு". அவருக்கு எல்லாமே அடித்துத் தள்ள வேண்டியதுதான். சூசை என்றால் திண்டுக்கல்லில் மேரிநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தாலும் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துகிற தோல் ஷாப்காரரை எல்லாருக்கும் தெரியும். மகள் ஆட்டக்காரியாக வருவாள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. அவள் ஆட வந்ததே ஒரு தண்டனையில்தான். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஓடினாள். மறுநாளும் தாமதம், மறுநாளும் ஓட்டம். காலை வெயில் முதுகில் ஏறும்போது, மற்றவர்களெல்லாம் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தான் மட்டும் வெளியே காற்றில் இருப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பிறகு வேண்டுமென்றே தெருமுனையில் நின்று, மணி அடித்த சத்தம் கேட்ட பிறகே உள்ளே நுழைய ஆரம்பித்தாள். விளையாட்டு டீச்சர் ஒருநாள் வழிமறித்தார். "ஏய், உனக்குத் தண்டனை குடுத்தா எதுக்குடி சிரிச்சுக்கிட்டே ஓடுற?" அவ்வளவுதான். ஒரு கேள்வி. அன்று சாயங்காலம் யாரோ ஒருத்தியின் பழைய பூட்ஸில் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டு பந்தை உதைத்தாள், இடது காலால். இடது கால் என்றதும் டீச்சர் முகம் மாறியது, இடது கால் ஆள் கிடைப்பதே கஷ்டம். மாவட்டம், மாநிலம், பத்தொன்பது வயதில் இந்தியச் சட்டை. அந்தச் சட்டை அன்றைக்கு அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது, உள்ளே சொருகச் சொருக வெளியே வந்தது. அதற்கப்புறம் எத்தனை ஊர், எத்தனை புல். சில ஊர்ப் புல் சொரசொரவென்று முழங்காலைச் சிராய்க்கும், சில ஊரில் கம்பளம் மாதிரி வழுக்கும், மணிலாவில் மழை பெய்து பந்து குட்டையில் நின்றுவிட்டது, எல்லோரும் அதைச் சுற்றி நின்று உதைத்தார்கள், சேறுதான் பறந்தது. அதெல்லாம் ஆடிய ஒருத்திக்குத்தான் ஒருநாள் போனைத் திறந்தால் தன் முகமே கறுப்பு வெள்ளையில் வந்து நின்றது. யாரோ ரசிகர்கள் நடத்துகிற பக்கம். 'நன்றி ஜெனோவா, குடும்ப வாழ்வு சிறக்க வாழ்த்துகள்.' கறுப்பு வெள்ளை. நம் ஊரில் கறுப்பு வெள்ளையில் படம் போட்டால் என்ன அர்த்தம்? அப்பாவுடன் வேலை பார்க்கிற ஒருவர் போனில் அழுதேவிட்டார். "சூசை, பாப்பாவுக்கு என்னப்பா ஆச்சு?" அப்பா சொன்னாராம், "பாப்பாவுக்குப் பாப்பா பொறந்திருக்கப்பா, வேற ஒண்ணும் ஆகல." அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது, அவளும் சிரித்தாள், சிரிக்கும்போது நடந்தது. லேசாக. சிரித்தாலே. குடும்ப வாழ்வு சிறக்க. வாழ்த்துகள்.

ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். அந்த வார்த்தையைக் கேட்டபோது அவளுக்கு அரிவாள், வேல்கம்பு எல்லாம் கண்முன் வந்து போயின. வலியில்கூடச் சிரிப்பு வந்தது. பிள்ளை செரின் தலையில் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் இருந்தது, ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. தாய்க்கு மறையவில்லை. அதற்கு முந்தின வருஷம் இதே நேரம் அவள் சைப்ரஸில் இருந்தாள், அங்கே ஒரு கிளப்புக்கு ஒரு சீசன் ஆடினாள், திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தி வெளிநாட்டு கிளப்புக்கு ஆடப் போகிறாள் என்று பேப்பரில் போட்டார்கள். தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரம், பழம் விழுந்து விழுந்து கிடக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், அவளுக்கு மனசு கேட்காமல் பொறுக்கிப் பையில் போட்டு வந்து உரித்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அழகுக்கு வைத்த மரமாம். அந்தக் கசப்பை நினைத்தால் இப்போதும் நாக்கு சுருங்கியது. தனியாக இருந்தாள், ஆனால் உடம்பு அப்போது அவள் சொன்னதைக் கேட்டது, அதுதான், அந்த உடம்பு, ஓடு என்றால் ஓடும், எகிறு என்றால் எகிறும், ஏன் என்று கேட்காது. செரின் பிறந்து ஐந்தாறு மாசம் கழித்து ஒரு காலையில் பிரிட்டோவும் அவளும் பள்ளி மைதானத்துக்குப் போனார்கள். அவன் காலேஜில் கோல்கீப்பராக இருந்தவன், பந்தைக் கையால் தூக்கிப் போட்டான், அவள் எகிறி முட்டினாள், பந்து கச்சிதமாகப் போனது, அவன் "அப்பிடித்தான்!" என்று கத்தினான், அவளுக்குக் கால் வழியாகச் சூடாக இறங்கியது. தண்ணீர் தாகம், வீட்டுக்குப் போகலாம் என்றாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அதற்குப் பிறகு ஒருநாள் கால்வலி, ஒருநாள் பிள்ளைக்குச் சளி, ஒருநாள் வெயில். பிரிட்டோ ஒன்றும் கேட்காமல் பந்தில் காற்று அடித்து அடித்து வைத்தான். சொல்லிவிட வேண்டும், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவன் முதுகிடம் சொன்னாள். ஹெல்மெட்டுக்குள் அவனுக்குக் காதில் விழவில்லை. "என்ன?" மறுபடி சொன்னாள். "என்னடி, கேக்கல!" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, "ஓடுனா ஒண்ணுக்கு வருதுய்யா!" என்று கத்தினாள், அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட் போட்டிருந்தார்கள், அவன் இஞ்சினை அணைத்திருந்தான், சுற்றி அத்தனை வண்டியும் அமைதி. பக்கத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வாழைத்தாரோடு நின்றவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிரிட்டோ திரும்பாமல், ரயிலையே பார்த்துக்கொண்டு சொன்னான், "அதுக்கு ஒரு வைத்தியம் இருக்கும்ல. இம்புட்டு நாளு அதையா வச்சுக்கிட்டு இருந்த?" ரயில் போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக. அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள், ஹெல்மெட் இடித்தது.

காலரியில் உள்ளூர்க்காரர்கள் ஊதல் ஊதி ஆர்ப்பரித்தார்கள். என்ன ஆயிற்று? எதிரணியின் ஏழாம் எண், அந்த ஒல்லிப் பெண், சடையை உச்சியில் கட்டியவள், அனிமாவைத் தாண்டிப் போய்விட்டாள், மறுபடியும். அனிமா பின்னாலேயே ஓடிக் காலைக் கொடுத்துத் தட்டிவிட்டாள், விசில், மஞ்சள் அட்டை. அனிமா இரண்டு கையையும் விரித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நடுவருக்கு இந்தி தெரியாது. இன்னொரு மஞ்சள் என்றால் வெளியே, பத்து பேரோடு ஆட வேண்டும். கோச் மேடம் கையைக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நின்றார், திரும்பவில்லை. திரும்புவார். இப்போது திரும்பித்தான் ஆக வேண்டும், மஞ்சள் வாங்கியவளை எடுத்துவிட்டுப் பெஞ்சில் இருப்பவளை இறக்குவார், எந்தக் கோச்சும் அதைத்தான் செய்வார். ஜெனோவாவின் உள்ளே ஏதோ எழுந்து நின்றது, அது சந்தோஷம், சந்தேகமே இல்லை. அதைக் கண்டதும் வெட்கமாக இருந்தது. ஏழாம் எண் இன்னொரு தடவை தாண்டிப் போகட்டும் என்று ஒரு நொடி, ஒரே நொடி, வேண்டிக்கொண்டாளா இல்லையா? வேண்டிக்கொண்டாள். ஒரே அறையில் படுத்துத் தூங்குகிற பெண்ணுக்கு. காலையில் எழுந்ததும் கெட்டிலில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு "தீதி, சாய்" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக் கட்டிலோரம் கொண்டுவந்து வைக்கிறவளுக்கு. முதல்நாள் அனிமா அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "தீதி, ரொம்ப வலிச்சுதா?" வலித்தது என்றாள். "அப்புறம் எப்படித் திரும்ப வந்தீங்க?" நடந்துதான் என்றாள் ஜெனோவா, அனிமா விழுந்து விழுந்து சிரித்தாள், ஜெனோவாவின் அரைகுறை இந்தியில் அது ஒரு பெரிய நகைச்சுவையாகிவிட்டது. பிறகு அனிமா தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள், அக்காவும் ஆடியவள், தன்னைவிட வேகம், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாளாம். ஏன் என்று அனிமாவுக்குத் தெரியவில்லை. "சும்மா நின்னுட்டா. கேட்டா, வேண்டாம்னு தோணிடுச்சுன்னு சொல்றா." ஜெனோவாவுக்கு ஏன் என்று தெரியும்போல இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தொண்டைவரை வந்தது, வீடியோ கால் வந்துவிட்டது. திரையில் செரின் பவுலின் மதினியின் மடியில் உட்கார்ந்து பருப்புசாதத்தை முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். மதினி, பிரிட்டோவின் அக்கா, "யாரு பாரு, யாரு பாரு, அம்மா பாரு" என்றார். பிள்ளை திரையைப் பார்த்தது, பிறகு மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ம்மா" என்றது. மதினி பதறிப்போய், "ஐயோ, அது எல்லாத்தையும் அம்மாங்குது, நேத்து பால்காரர அம்மான்னுச்சு" என்றார். பால்காரர். அது உண்மையாகக்கூட இருக்கலாம். பயிற்சி முகாமோடு சேர்த்து ஏற்கெனவே ஒரு மாசம். இன்னும் எத்தனை. பிள்ளையை விட்டுவிட்டு இங்கே வந்து எதற்கு, இன்னொருத்தி பெற்ற பிள்ளை தோற்று அவள் இடம் காலியாகட்டும் என்று உட்கார்ந்திருக்கவா? அதற்காகவா வந்தாள்? இல்லை. பிறகு எதற்கு? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் காலை வெயில் முதுகில் ஏறுகிற அந்தச் சூடுதான் ஞாபகம் வரும்.

"ஜெனோ. வார்ம்அப்." கோச் மேடம் திரும்பாமலேயே சொன்னார். கோவாக்காரர், சொல்லை எண்ணி எண்ணித்தான் விடுவார். கம்பளி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, ஜெனோவா கோட்டுக்கு வெளியே, கொடி பிடிக்கும் நடுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள், முழங்காலை உயர்த்தி, குதிகாலைப் பின்னால் தட்டி, பக்கவாட்டில், திரும்பி. தூறல் முகத்தில் குத்தியது. நஸ்ரின் கூடவே வந்தாள், அணியின் பிசியோ, கேரளத்துப் பெண், ஊரில் இருக்கும்போதே போனில் இவளுக்கு அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தவள். "தண்ணி குடிச்சியா?" "குடிச்சேன்." "பொய் சொல்லாத. பாட்டில் அப்பிடியே இருக்கு. குடிக்காம இருந்தா அது நிக்காது, கால்தான் பிடிச்சுக்கும். குடி." குடித்தாள், இரண்டு மடக்கு, மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு துப்பினாள். நஸ்ரினுக்கும் பிரிட்டோவுக்கும் மட்டும்தான் தெரியும். முதல் தடவை போனில் சொன்னபோது நஸ்ரின் ஆச்சரியமே படவில்லை, பாதிப் பேருக்கு இருக்கு, ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை என்றாள். அடித்தசையை இறுக்கு, பிடி, விடு, மறுபடி இறுக்கு. எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ரேஷன் கடை வரிசையில் இறுக்கினாள், அரிசி களையும்போது இறுக்கினாள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது இறுக்கிப் பிடித்து விட்டு இறுக்கிப் பிடித்து விட்டு, முகம் அப்படி ஒரு பக்தியாக இருந்திருக்க வேண்டும், வெளியே வரும்போது சாமியார் நின்று, "இன்னைக்கு நீ ரொம்ப உருக்கமா ஜெபிச்சம்மா" என்றார். பிரிட்டோ சிரிப்பை அடக்க முடியாமல் மாதா சிலை இருக்கிற கெபிப் பக்கம் போய்விட்டான். குறைந்தது. மெல்ல மெல்லக் குறைந்தது, ஒரு மாசம் நன்றாக இருக்கும், அடுத்த மாசம் கோபித்துக்கொள்ளும். இறங்குமுகம்தான். பயிற்சி ஆட்டங்களில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயிற்சிக்குக் கறுப்பு ஷார்ட்ஸ். கறுப்பில் எது ஆனாலும் ஒன்றும் ஆகாது. இடைவேளையில் இரண்டு தடவை போய் வந்தாள். மெல்லிசான பேட் வைத்திருக்கிறாள். மழை வேறு பெய்கிறது, எல்லாரும் நனைந்துதானே இருக்கிறார்கள், மழை நல்லது, இன்னும் பலமாகப் பெய்தால் நல்லது. வானத்தைப் பார்த்தாள். தூறல்தான். கிளம்புகிற அன்று பிரிட்டோ பேருந்து நிலையத்தில் பையை மேலே ஏற்றிக் கொடுத்தான். நாலு பேருக்கு முன்னால் அவனை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள், தனியாக இருந்தால் 'நீ', "நீங்க பிள்ளையப் பாத்துக்கங்க" என்றாள். அவன் சன்னலுக்குக் கீழே நின்று சொன்னான், "ஆனா என்ன ஆயிரும் ஜெனோ? கொஞ்சம் ஈரம். அவ்வளவுதானே. நான் தெனம் மெஷின் ஆயில்ல முங்கி எந்திரிக்கிறேன்." அவ்வளவுதானே. ஆண்பிள்ளைக்குச் சொல்வது சுலபம். ஆனால் அந்தச் சொல் சன்னல் வழியாகக் கூடவே ஏறிக்கொண்டு மதுரை வரைக்கும், டெல்லி வரைக்கும், இந்த மலைவரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதானே. முழங்காலை உயர்த்து. அவ்வளவுதானே. திரும்பு.

"வா." கோச் மேடம் கையை அவள் முதுகில் வைத்தார். பக்கத்தில் பலகையோடு நடுவர் நின்றார், எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில் அனிமா இதைப் பார்த்துவிட்டாள். அவள் தோள் இறங்கியதை இத்தனை தூரத்திலிருந்தே ஜெனோவாவால் பார்க்க முடிந்தது, முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு, கோட்டை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். பலகை உயர்ந்தது. வெளியே வர வேண்டியவளின் எண் சிவப்பில், பதினொன்று. அனிமாவின் எண் மூன்று. சிவப்பில் பதினொன்று, முன்னால் ஆடுகிற விங்கர், ஓடி ஓடிக் களைத்துப்போனவள். ஜெனோவாவுக்கே புரியவில்லை. "அனிமா இருக்கட்டும்" என்றார் கோச் மேடம். "நீ அவளுக்கு முன்னாடி நில்லு. அந்த ஏழு அவகிட்ட வர்றதுக்கு முன்னாடி உன்னைத் தாண்டணும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே ஆடுங்க. பேசு, ஜெனோ. வாயை மூடாத." பேசுவதா? அவளா? இத்தனை நேரம் உள்ளே மூடாமல் பேசிக்கொண்டிருந்தது இவருக்குக் கேட்டுவிட்டதோ என்று இருந்தது. பதினொன்று வந்து கையைத் தட்டிவிட்டுப் போனாள், கோடு, காலடியில் வெள்ளைக் கோடு, அதைத் தாண்டினாள், புல் வேறு மாதிரி இருந்தது, மெத்தென்று, ஈரமாக. அனிமா நடுவழியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். "என்ன முழிக்கிற? நீ போகல. நான் உனக்கு முன்னாடி." "நானா? நான் இருக்கேனா?" "இருக்க. அவ உள்பக்கமாத்தான் திரும்புறா, வெளியே விடு, உள்ளே நான் பாத்துக்கறேன். சரியா?" அனிமா தலையை ஆட்டினாள், கண் நிறைந்திருந்தது, தூறலாகவும் இருக்கலாம். சற்று முன்னால் இந்தப் பெண் தோற்கட்டும் என்று நினைத்தது ஜெனோவாவுக்கு எங்கோ ரொம்ப தூரத்தில், வேறு யாரோ நினைத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு நினைப்பதற்கு நேரமில்லை. அவர்கள் கோல்கீப்பர் ஓங்கி உதைத்தாள், பந்து மலைக்கு முன்னால் கறுப்பாக, பிறகு மேகத்துக்கு முன்னால் வெள்ளையாக, சுற்றிக்கொண்டே வந்தது, ஏழாம் எண் அதைப் பார்த்துப் பின்வாங்கினாள், ஜெனோவாவும் பின்வாங்கினாள், இரண்டு பேர் முழங்கையும் இடித்துக்கொண்டன, "என்னுது!" என்று கத்தினாள், தமிழில்தான் கத்தினாள், எகிறினாள். நெற்றியின் நடுவில் பந்து வந்து மோதியது, சில்லென்று, உள்ளிருந்த எல்லாவற்றையும் தட்டி வெளியே கொட்டிவிட்டதுபோல. கீழே வந்தாள், இரண்டு காலும் தரையில். நடந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம், ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, கதகதப்பாக. பந்து நம் பெண் ஒருத்தியின் காலில் விழுந்திருந்தது, அவள் திருப்பித் தந்தாள், ஜெனோவா அதை நிறுத்தினாள், ஏழாம் எண் பாய்ந்து வந்தாள், இவள் இடது காலால் இழுத்துத் திருப்பினாள், அந்தப் பெண் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஆகிவிட்டது, உலகம் நிற்கவில்லை, காலரியில் ஊதலை ஊதிக்கொண்டேதான் இருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும், பந்து காலில் இருக்கிறது, இதுதான் இப்போது. "தீதி! தீதி!" பின்னாலிருந்து குரல். அனிமா கோட்டை ஒட்டி இவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள், மஞ்சள் அட்டையெல்லாம் மறந்து, வாயைத் திறந்துகொண்டு. அவளுக்கு முன்னால் ஒரு பெரிய பச்சை இடம் காலியாகக் கிடந்தது. ஜெனோவா பந்தை அதற்குள் அனுப்பினாள். அடித்துத் தள்ளவில்லை, தடவி அனுப்பினாள், அனிமா எட்டிப் பிடித்து உள்ளே திருப்பினாள், யாரோ தலையைக் கொடுத்தார்கள், பந்து வலையின் வெளிப்பக்கத்தைக் குலுக்கிவிட்டுப் போனது. கோல் இல்லை. அதற்குப் பிறகும் கோல் இல்லை, இரண்டு பக்கமும். ஏழாம் எண் கடைசிவரை வந்தாள், வந்தாள், ஒவ்வொரு தடவையும் இவளோ அவளோ நடுவில் நின்றார்கள், ஜெனோவா இந்தியும் தமிழும் கலந்து, உள்ளே விடாத, வெளியே, வெளியே, திரும்பு, பின்னாடி பாரு என்று தொண்டை அடைக்கிறவரை கத்திக்கொண்டிருந்தாள், ஒரு கட்டத்தில் அந்தக் கத்தல் யாருடையது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, கோட்டோரத்து சூசையின் தொண்டை. விசில் ஊதியபோது இரண்டு பேரும் அருகருகே முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். ஒன்றுக்கு ஒன்று. போதும்.

கோச் மேடம் ஒவ்வொருத்தி முதுகிலும் தட்டிக்கொண்டு வந்தார், இவளிடம் வந்ததும் நின்றார். "வியாழக்கிழமை தொடக்கத்துலேருந்து ஆட முடியுமா?" முடியும் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தாள், வேறொன்று வந்தது. "ஆடுறேன் மேடம். வேற கலர் ஷார்ட்ஸ் கிடைச்சா நல்லா ஆடுவேன். பிள்ளை பெத்த உடம்பு, எகிறுனா ஒழுகுது. வெள்ளை வேண்டாம்." சொல்லிவிட்டாள். பெருமூச்சுகூட விடவில்லை, சாதாரணமாக, உப்பு கொஞ்சம் கம்மி என்பதுபோல. இங்கே யாரும் இஞ்சினை அணைக்கவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. நஸ்ரின் தரையைப் பார்த்தாள். அப்போது பின்னாலிருந்து நடுவரிசைக்காரி ஒருத்தி, அதிகம் பேசாதவள், "எனக்கும் வெள்ளை வேண்டாம் மேடம்" என்றாள், "மாசத்துல பாதி நாள் பயந்துக்கிட்டுதான் ஆடுறேன்." "எனக்கும்" என்றாள் இன்னொருத்தி. "எனக்கும்." கோச் மேடம் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், அவர் முகத்தில் என்ன ஓடியது என்று தெரியவில்லை, அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தானே. "இதை ஏன் யாரும் இதுக்கு முன்னாடி சொல்லல?" என்றார், பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல், "இன்னைக்கே கேட்டு எழுதுறேன். நீலம் இல்லன்னா கறுப்பு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அனிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுரங்கவழிக்குள் வந்தாள், விடவில்லை. உள்ளே விளக்கு மஞ்சளாக இருந்தது, சுவர் கதகதப்பாக இருந்தது. "தீதி, அக்கா நின்னது இதனாலயா?" என்று மெதுவாகக் கேட்டாள். "தெரியல. இருக்கலாம். கேட்டுப் பாரு." "வெட்கப்படுவா." "நான் பேசவா? போன் போட்டுக் குடு, நான் பேசறேன்." அனிமா நின்று அவளைப் பார்த்தாள், தலையை வேகவேகமாக ஆட்டினாள், போனை எடுக்க அறைப்பக்கம் ஓடினாள், ஆட்டத்தில் ஓடியதைவிட வேகமாக. ஜெனோவா சுவரில் சாய்ந்து பூட்ஸைக் கழற்றினாள். எங்கேயோ கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இறைச்சியும் வெங்காயமும் வதக்குகிற வாசனை வந்தது. வயிறு இரைந்தது. இப்படிப் பசித்து எத்தனை நாளாயிற்று.